கடைசி இருபது

மைனஸ் பத்தொன்பது.
நார்வேயின் வடக்கே ஒரு கணவாயின் அடியில்
இரண்டு சார்ஜிங் கம்பங்கள்.
ஒன்றின் தலையில் கறுப்புப் பை கட்டியிருந்தது,
நவம்பரிலிருந்தே அப்படித்தான்.
மற்றதில் என் வண்டி.

எண்பதைத் தாண்டியாயிற்று.
இந்த மலையை ஏறி இறங்க எழுபது போதும்,
எனக்குத் தெரியும்.
அந்தப் பக்கத்துத் தேவாலயத்தில்
ஒரு பியானோ காத்திருக்கிறது,
குளிரில் சுருதி இறங்கி.

எண்பத்தொன்று.
சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வண்டி வந்து
பின்னால் நின்றது.
முதலில் விளக்கைத் தணித்தது,
என் கண் கூசக்கூடாதென்று.
பிறகு முழுக்க அணைத்தது.
ஹீட்டரையும் அணைத்திருக்க வேண்டும்:
சற்று நேரத்தில் அதன் கண்ணாடி
உள்ளிருந்தே வெளுத்தது.

நான் இருக்கையைச் சாய்த்தேன்.
கண்ணை மூடினேன்.
தூங்குகிறவரை எழுப்பலாம் என்று தொடங்கும் பழமொழியின்
இரண்டாம் பாதி நான்.

எண்பத்திரண்டு.
நிறைகுடம் தளும்பாதாம்.
நிறையப்போகிற குடத்தைப் பற்றி
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.
கடைசி இருபதை அது
சொட்டுச் சொட்டாய்க் குடிக்கும்.
முதல் எண்பதுக்கு ஆன நேரத்தை
மறுபடியும் கேட்கும்.
தந்தி முறுக்கிப் பிழைக்கிற எனக்கு இது புதிதல்ல:
முக்கால் திருப்புக்கு ஒரு நொடி,
கடைசி மயிரிழைக்கு அரைமணி.
ஆனால் அங்கே காத்திருப்பது மரப்பெட்டி.
இங்கே ஆள்.

நூறு எதற்கு?
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
மேலே, பனிக்கலப்பை வராத ஓர் இரவில்,
மூன்று சதவீதத்தோடு விடியும்வரை கிடந்தேன்.
அன்றிலிருந்து
எழுபது மலைக்கு,
முப்பது பயத்துக்கு.

கம்பத்தின் திரைக்கு நாசூக்கு போதாது.
என் எண்ணைப் பச்சை வெளிச்சத்தில்
போவோர் வருவோருக்கெல்லாம்
வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறக்கும் சத்தம்.
இமையிடுக்கில் பார்த்தேன்.
குட்டையான மனிதர், கறுப்புச் சட்டை,
கழுத்தில் விசில்.
ரெஃப்ரி.
ஊதவில்லை.
திரையைப் பார்த்தார்,
பார்க்காதவர்போலத் திரும்பினார்.
என் ஜன்னலைத் தட்டவுமில்லை.
நான் போட்டது போட்டபடி
பாதையில் விட்டிருந்த கேபிளைக் குனிந்து எடுத்து,
பனியைத் தட்டி,
கலப்பை ஏறிவிடாதபடி ஓரமாக ஒதுக்கிவிட்டு
தன் குளிருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

எண்பத்தாறு.
திட்டியிருந்தால்
தொண்ணூற்றைந்து வரை இருந்திருப்பேன்.

இறங்கினேன்.
“இப்போதுதான் விழித்தேன்” என்றேன்.
“நல்ல தூக்கம்போல” என்றார், சிரிக்காமல்.

பிளக் உறைந்து பிடித்துக்கொண்டது.
நான் இழுத்தேன். அவர் இழுத்தார்.
பிறகு கையுறைகளைக் கழற்றி
ஆளுக்குக் கொஞ்ச நேரம்
அதைப் பொத்திப் பிடித்திருந்தோம்,
பேச ஒன்றுமில்லாமல்.
டக்.
திறந்திருந்த கதவு வழியே
அவர் வண்டியின் எண் தெரிந்தது:
மூன்று.

“எவ்வளவு வேண்டும்?”
“நாற்பது. அடுத்த பள்ளத்தாக்கு வரைதான்.
பதின்மூன்று வயதுப் பெண்கள், ஹேண்ட்பால்.
தாமதமானால் நானில்லாமலே தொடங்கிவிடுவார்கள்.
அது இன்னும் ஒழுங்காக நடக்கும்.”
பெயர் டூர்லைவ் என்றார்.
ஓஸ்ஹில்ட் என்றேன்.
அவ்வளவுதான்.

மலை ஏறினேன்.
உச்சியில் ஐம்பத்தொன்று.
பயம் வந்தது.
வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது.
கொடுக்க ஒன்றுமில்லை என்றதும்
வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் திரும்பியபோது
கம்பம் காலி.
கேபிள் முறுக்கில்லாமல் மூன்று சுற்றாய்க் கொக்கியில்,
பனி புகாதபடி
பிளக்கின் வாய் கீழே பார்த்து.
அவரோ, அவருக்குப் பின் வந்த யாரோ.

பன்னிரண்டில் செருகினேன்.
இந்த முறை நிஜமாகவே தூக்கம் வந்தது.
எண்பதுக்கு அலாரம் வைத்துவிட்டுத்
தூங்கினேன்.