நான்காவது சிலிண்டர்

ஃபோர்ட் கென்ட். ஜனவரி. மைனஸ் இருபத்தொன்று.
கராஜில் இருக்கும் ஒற்றை ஹீட்டர்
முதுகைச் சுடுகிறது, விரலை விட்டுவிடுகிறது.
ஆறு பிளக், ஆறு ரப்பர் பூட், எல்லாம் புதுசு.
கிழித்த அட்டைப் பெட்டிகள் காலடியில்.
சாவியைத் திருப்பினேன்.
முன்னைவிட மோசமாக நொண்டியது.

கடகட கடகட கட—
அந்த ஓர் இடத்தில் ஒன்றுமில்லை,
இருட்டில் இன்னொரு படி இருக்குமென்று
வைத்த கால் போல.

மரமில்லிலிருந்து தம்பி ரோஸேர், மறுபடியும் போனில்:
"ஓடுற வண்டியை ஏன் நோண்டினே, சோலாஞ்ச்?"
எங்கே ஓடியது? மேடு கண்டால் திணறியது.
நாளைக்கு எனக்கு ஆற்றோரமாய் ஒன்பது வீடு,
ஒன்பது புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும்.
மேடம் பெல்ட்டியேவுக்கு ஏழு மணிக்கு ஊசி.
இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.

ஸ்கேனர் சொன்னது: நான்காவது சிலிண்டர்.
எங்கே என்று சொல்லும், என்ன என்று சொல்லாது.
என் நோயாளிகளில் பாதிப்பேர் இப்படித்தான்.

நான்கின் பிளக்கை ஆறுக்கு மாற்றினேன்.
குற்றம் நகரவில்லை, நான்கிலேயே உட்கார்ந்திருந்தது.
காயிலை, பூட்டோடு, ஆறுக்கு மாற்றினேன்.
கூடவே எழுந்து போனது ஆறுக்கு.
ஆக, காயில்.
விலை பார்த்தேன்: எண்பத்திரண்டு டாலர்.
வியாழக்கிழமை வரும். இன்று திங்கள்.

குப்பைத் தொட்டியை ஓர் உதை விட்டேன்.
பழைய பூட்களுக்குள் ஏதோ கிணுங்கியது.
ரப்பருக்கு ஏது குரல்?

மண்டியிட்டு ஒவ்வொன்றாய்க் காதோரம் குலுக்கினேன்.
ஐந்து, ஊமை.
ஒன்று பேசியது.
வெடித்த ரப்பரின் வயிற்றில்
சுருண்டு கிடந்தது ஸ்பிரிங்.
புதியதற்குள் மாற்றியிருக்க வேண்டியது;
ஐந்தை மாற்றிய கை
இதைக் கழற்றி அப்படியே வீசியிருக்கிறது.

எப்போது? யோசித்தேன்.
சாயங்காலம், அவன் முதல் தடவை கூப்பிட்டு
அப்பாவின் வீட்டை விற்றுவிடலாமா என்றானே,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
பார்க்கலாம், பார்க்கலாம் என்றேனே,
அப்போதுதான்.

ஸ்பிரிங்கைத் துடைத்து உள்ளே விட்டேன்.
அழுத்தினேன். கிளிக்.
சாவி.
ஆறும் தத்தம் முறைக்குப் பேசின,
ஒன்றை ஒன்று முந்தாமல்.
கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டேன்.
மணி பதினொன்றே முக்கால்.

"என்னதான் கோளாறு?" என்று கேட்டான்.
காயில் என்றேன். எண்பத்திரண்டு டாலர் என்றேன்.
பாதி தருகிறேன் என்றான்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.