ஒரு நீலக் கட்டம்

படம் முழுக்க வெள்ளை.
நடுவில் பத்துக்குப் பத்து மீட்டர்
ஒரே ஒரு கட்டம் நீலம்.
போய்ப் பார்த்துச் சொல் என்றது
ஓருரோவிலிருந்து வந்த குறுஞ்செய்தி.

எவரிஸ்தா வலேரோ
உப்பு நொறுங்க நடந்தாள்,
சாய்ந்து கிடந்த படகுகளைத் தாண்டி,
புருஷன் வலை வீசிய ஆழத்தின் குறுக்கே
செருப்பு நனையாமல்.
பள்ளிக்கூடச் சுவரில் மட்டும்
போபோ இன்னும் ஏரி.

இருந்தது.
கணுக்காலுக்கும் கீழே.
ஒற்றைப் பூநாரை
தன் நிழலையே கொத்திக்கொண்டிருந்தது.

படிவம் ஆழத்தை மீட்டரில் கேட்டது.
காலை விட்டு எடுத்தாள்:
இரண்டு விரல் உயரத்தில் சேற்றுக்கோடு.
அதற்குக் கட்டமில்லை.
'நீர் உண்டு' என்று மட்டும் அனுப்பிவிட்டு
பாதம் காயும்வரை அங்கேயே நின்றாள்.

செயற்கைக்கோள் மறுபடி வர
ஐந்து நாள் ஆகும்.
வெயிலுக்கு அவ்வளவு பொறுமையில்லை.