ஆணி அடிக்கக் கூடாது

குடிவந்த அன்றே சொல்லிவிட்டார் குழந்தைவேலு:
செவுத்துல ஆணி மட்டும் அடிக்கப்படாதுங் அம்மிணி.
அவர் சொல்லாததெல்லாம் செய்யலாம் என்று
நான் எடுத்துக்கொண்டேன்.

பத்துக்குப் பதினொன்று. லைன் வீட்டில் நாலாவது கதவு.
சுவரின் நிறம் என்னவென்று கேட்டால்
போன குடித்தனம் என்று சொல்லலாம்.

அந்த மாதம் கம்பெனிக்கு ஒரு மஞ்சள் லாட்
திரும்பி வந்தது, நூற்றெழுபது கிலோ.
சாயம் நிற்கவில்லை என்று சீட்டில் எழுதிக்
கையெழுத்துப் போட்டவள் நானேதான்.
வேஸ்ட் மூட்டையின் வாயைப் பிதுக்கிக்கொண்டு
வெகுநாள் கிடந்தது அந்த மஞ்சள்.

போகிக்கு அரை நாள் லீவு.
ரெண்டாவது கதவு லோகமணியின் மொபெட்டில்
ஊத்துக்குளி தாண்டிப் போனோம்,
காப்புக் கட்டப் பூப்பறிக்க.
நடுவில் நான். எனக்குப் பின்னால்
இடமே இல்லாத இடத்தில் மினதி,
ஐந்தாவது கதவு, ஊர் ஒடிசா,
எங்கே போகிறோம் என்று கேட்காமலே
தலைசீவிப் பவுடர் போட்டு வந்தவள்.

பூளைப்பூ கேட்காமலே கிடைத்தது,
வாய்க்கால் மேடெல்லாம் நரைத்துக்கொண்டு.
ஆவாரைதான் ஆட்டம் காட்டியது.
ரோடு அகலமான பக்கமெல்லாம்
அது நின்ற இடத்தில் வெள்ளைக் கோடு.
கடைசியில் ஒரு சப்ஸ்டேஷன் வேலிக்குள்ளே,
மண்டையோட்டுப் பலகைக்கு அடியில்,
அபாயம் என்பதைப் படிக்கத் தெரியாமல்
பூத்துக் குலுங்கியது.
கம்பிக்குள் கை போன மட்டும் பறித்தோம். மூன்று கொத்து.
அதில் ரெண்டு மினதியுடையது. அவள் கை மெலிசு.

மூன்று கொத்து, ஆறு கதவு.
அப்போதுதான் மூட்டை ஞாபகம் வந்தது.

ராத்திரி பதினொன்று வரை வெட்டினோம்.
பனியன் துணியை இழுத்துவிட்டால்
ஓரம் தானே சுருளும்,
ஆவாரை இதழும் அப்படித்தான்.
ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து இதழா என்று
எண்ணிவிட்டுத்தான் தைத்தாள் லோகமணி, செக்கிங் புத்தி.
நிட்டிங் மெசினுக்கு அடியில் கூட்டிய பஞ்சை
ஈர்க்குச்சியில் உருட்டினால்
நிஜப் பூளைக்கே சந்தேகம் வரும்.
வேப்பிலை மட்டும் அசல். அதற்குப் பஞ்சமில்லை.

ஓட்டு இடுக்கில் சொருகினோம். ஆணி இல்லை.
ஒண்ணு, மூணு, ஆறுக்கு அசல் பூ,
எங்கள் மூவருக்கும் பனியன்.
தெருவில் நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது.
துணிக்காப்பு சாமிக்கு ஆகுமா என்றார் மூணாவது கதவு.
சாமி என்ன லேபிளைத் திருப்பியா பாக்குது, என்றாள் லோகமணி.

அஞ்சாம் நாள் அசல் பழுத்துப்போனது.
எங்களது அப்படியே.
பெருமையாகத்தான் இருந்தது,
தை இருபதில், காலம் தப்பி, மழை வரும்வரை.

சீட்டில் எழுதியவள் நான்தானே.
சாயம் நிற்கவில்லை; இறங்கியது.
நிலைக்கு மேலிருந்து தரைவரை
மூன்று வீட்டுச் சுவரிலும் மஞ்சள் கோடு.
அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார் என்று
கணக்குப் போட்டபடியே தேய்த்தேன்.
சோப்புக்கு அகலமானது.
எலுமிச்சைக்கு இன்னும் அகலமானது.

மினதி தேய்க்கவில்லை. அரிசி ஊறப்போட்டாள்.
அரைத்த மாவில் விரலை நனைத்து,
கோட்டையே தண்டாக வைத்துக்கொண்டு
இந்தப் பக்கம் இலை, அந்தப் பக்கம் இலை,
உச்சியில் நெல்லுக்கதிர்,
தரையில் தொடும் இடத்தில் ஒரு தாமரை.
அவள் ஊரில் சுவருக்குச் சுவர் இப்படித்தானாம்.
உங்கூர்ல மழையும் வந்து வரையுமா என்றேன்.
பாதி புரிந்து சிரித்தாள்.
கிண்ணத்தோடு என் சுவருக்கு நகர்ந்தாள்.

அஞ்சாம் தேதி. வாடகை நோட்டோடு குழந்தைவேலு.
செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் நின்றார்.
ஒரு இலையை நகத்தால் சுரண்டப் போய்
சுரண்டவில்லை.

ஆணி ஏதும் அடிக்கலையல்லொ?

இல்லீங்.

ம்.

நோட்டில் வரவு வைத்துக்கொண்டு
கோடிவரை நடந்தவர்,
ஆறாவது கதவருகே நின்று திரும்பிக் கேட்டார்:

இதென்ன, இது மட்டும் மொட்டையா கெடக்குது?