வல்லின றகரம்

டெங்கு விட்டுப்போன மூன்றாம் மாதம்
கொண்டையில் செருகிய சிவப்புப் பேனை
தானாகக் கழன்று
மரண அறிவித்தல் பக்கத்தில் விழுந்தது.
பேனையைப் பிடிக்கவும் தலையில் ஆளில்லை என்று
அன்றுதான் தெரிந்தது.

பதினேழு வருடமாக ஒப்புநோக்குகிறேன்.
பூட்டி பூடி ஆகாமல்
மருமகன் மறுமகன் ஆகாமல்
செத்தவர்களின் சொந்தங்களைச்
சரியாக அடுக்கி அனுப்புவது என் வேலை.

தோல் டொக்டர் துண்டில் எழுதியது
வேரோன்.
"இதாலை வளரும் எண்டு சொல்லமாட்டன்.
காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுறது தானா நிக்கும்.
இது ஒரு மனத்திருப்திக்கு."
மனத்திருப்தி
இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபா.

ஆஸ்பத்திரி வீதிப் பார்மசியில் முடிந்துவிட்டது.
பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பேரின்பத்தாரின் கடையில் இருந்தது,
அறுநூறு குறைவாக.
அதே பச்சைப் போத்தல், வெள்ளி மூடி,
வேர்விட்ட ஒற்றை இலை.
சந்தோசத்தில் இரண்டாக வாங்கினேன்.

எங்கள் கிணற்றின் சுண்ணாம்புத் தண்ணீரில்
எந்த ஷாம்புவும் இலேசில் நுரைக்காது.
இது கோப்பை கழுவுகிற திரவம்போல
பொங்கி வழிந்தது.
அதையும் நல்ல சகுனமாகவே எடுத்தேன்.
பீலியில் அடைத்த மயிரை எண்ணிக்
கலண்டரில் குறித்தேன்:
நூற்றுப் பத்து, நூற்று முப்பத்தொன்று,
அதற்குப் பிறகு குறிக்கவில்லை.

ஐந்து நிமிடம் ஊறவேண்டும்.
ஊறுகிற நேரத்தில் வேறு வேலை இல்லாமல்
போத்தலைப் படித்தேன், தொழில் பழக்கத்தில்
கீழிருந்து மேலாக.
யாழ்ப்பணம் என்றிருந்தது, கால் இல்லை.
தொகுதி இலக்கம் பெருவிரலோடு வந்துவிட்டது.
அதற்கு மேலே, தடித்த எழுத்தில்:
"முடி உதிரும்வரை தொடர்ந்து பாவிக்கவும்."

கவிழ்த்த வாளியில் இருந்து சிரித்தேன்.
நுரை கண்ணுக்குள் போனது.
கண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தபோதுதான்
உச்சியில் பெயர்,
வேறோன்.

றோட்டு, றேடியோ, றப்பர்,
பக்கத்து வீட்டு றஜீவன்,
எல்லோரையும் வல்லினத்தில் எழுதுகிற ஊரில்
ஒரு ற
யாருடைய கண்ணில் குத்தும்?
என் கண்ணில் குத்தியிருக்க வேண்டும்.
அதற்குத்தானே சம்பளம்.

சண்டைக்குத்தான் போனேன்.
பேரின்பத்தார் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தார்.
"கேக்க ஒண்டுதானே, பிள்ளை."
பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.
நாலு மாதமாக அவரும் அதைத்தான் பூசுகிறார்.
வானில் கொண்டுவருகிறவன்
பில் தருவதில்லையாம்.
காசு திரும்பவில்லை.
ஒரு சவர்க்காரக் கட்டி தந்தார்,
அதன் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தே
வாங்கிக்கொண்டேன்.

அசல் வந்ததும் பார்மசியில் நின்று
அடியிலிருந்த இலக்கத்தை நகத்தால் சுரண்டினேன்.
அச்சல்ல, அழுந்திய எண், அசையவில்லை.
இலையின் வேரில் மூன்று இழை, மற்றதில் இரண்டு.
"அக்கா, வாங்கப்போறியளோ, படிக்கப்போறியளோ?"
ஒரு சந்திப்பிழை அதிலும் இருந்தது.
நெஞ்சு திக்கென்றது.
வாங்கினேன்.

இப்போது நெற்றியோரம் பூனைமயிர்.
டொக்டர் சொன்ன காலமோ
மூன்று இழை வேரோ, தெரியாது.
பேனை மத்தியானம்வரை நிற்கிறது.

நேற்று மேசைக்குக் கால்பக்க விளம்பரம் ஒன்று வந்தது.
பச்சைப் போத்தல், வெள்ளி மூடி, வேறோன்.
முதலாளியிடம் கொண்டுபோனேன்.
"காசு கட்டியாச்சு. எழுத்தை மட்டும் பார்."

எழுத்தை மட்டும் பார்த்தேன்.
றவை ரவாக்கினால் பொய்க்குத் துணைபோவேன்.
உதிரும்வரை என்பதைத் திருத்தினால்
அந்தப் போத்தல் சொன்ன ஒரேயொரு உண்மையும்
போய்விடும்.
பதினேழு வருடத்தில் முதல்தடவையாக
சிவப்பில் ஒன்றும் கீறாமல்
ஓரத்தில் எழுதினேன்:
உள்ளபடி போகட்டும்.