கொள்ளைப் பட்டியலில் இல்லாதவர்

நிப்பூர்க் கால்வாயோரம் பேரீச்சை வரி எழுதுகிறேன்.
களிமண் காயுமுன் எழுதிவிட வேண்டும்,
அழுவதற்கெல்லாம் நேரமில்லை.
ஒருநாள் இதின்-நபு
பிரதியெடுக்கச் சொல்லி ஒரு கூடை ஓடுகளை வைத்தான்.
கொள்ளைப் பட்டியல்கள்.

கடலோர ஊர் ஒன்று:
தெய்வம் இரண்டு; ஒன்றுக்கு மூக்கு உடைந்தது.
பாலைவன ஊர்:
தெய்வம் ஆறு, பொன்முலாம் தேய்ந்தவை.
பிறகு எங்கள் ஊர்.
வெண்கலத் தூண், துண்டு துண்டாக.
திரி வெட்டும் கத்தரி.
சாம்பல் சட்டி.
கரண்டி.
தெய்வத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"மறந்துவிட்டார்களா?"
"உள்ளே போனவன் என் மாமன்.
இருட்டும் புகைவாசமும்தான் என்றான்.
இல்லாததை வண்டியில் ஏற்ற முடியுமா?"
சிரித்தான்.

அன்றிரவு கூழ் இறங்கவில்லை.
இவர்களின் புத்தாண்டைப் பார்த்திருக்கிறேன்:
தெய்வம் ஏறியதும் எருது முட்டி மடங்கும்,
அச்சு முறியும்,
ஆள்கள் ஓடிவந்து முட்டுக்கொடுப்பார்கள்.
நம்முடையவர் எவர் தோளிலும் ஏறவில்லை,
பிடிபடவுமில்லை.
அப்படியானால்
தோற்கவும் இல்லையோ?

இதைச் சொன்னதும் யெக்கமியா எழுந்தேவிட்டான்.
"தோற்க ஆளே கிடையாது. வேறு எவருமே இல்லை.
நம்மை அடித்தவன் கையில்
கோலைக் கொடுத்ததும் அவர்தான்."
குரல் நடுங்கியது.
பயமா மகிழ்ச்சியா, எனக்குப் பிடிபடவில்லை.

பழைய தோற்சுருளை விரித்தோம்.
மற்றத் தெய்வங்களுக்கு நடுவே
அவர் வீற்றிருக்கும் வரி.
'மற்ற' என்பதைச் சுரண்டினான்.
தோல் மெலிந்து
அந்தப் பக்கத்து விளக்கு தெரிந்தது.

ஒக்லாள் மாவுப்பையை அவிழ்த்தாள்.
சாண் உயர மண்பொம்மை,
இரு மார்பையும் ஏந்திய கைகள்.
லாகீசிலிருந்து நாலு மாத நடை,
மாவுக்குள் மூச்சடக்கி வந்தவள்.
மூன்று பிரசவத்திலும்
ஒக்லாள் பல்லிடுக்கில் கடித்த பெயர் இவளுடையது.

"அவர் ஒருவரே. சரி.
இவள் அவர் பக்கத்தில்தானே இருந்தாள்?
எங்கே போகச் சொல்கிறீர்கள்?"

யெக்கமியா சுருளைப் பார்த்தான்.
நான் நாணலைச் சீவினேன்,
ஏற்கெனவே கூராக இருந்ததை.

விடிந்தபோது
சுரண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.
அதன்மேல் அவன் இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை.
மாவுப்பை மூலையில் இருந்தது,
முடிச்சு புதிது.
கை நீண்டது.
இழுத்துக்கொண்டேன்.

இதின்-நபு காத்திருந்தான்.
எங்கள் ஊர் ஓட்டை எடுத்து
கரண்டிகளை மறுபடி எண்ணினேன்.
பதினாலு.