ஐந்து வளைவு

பன்னிரண்டு கம்பங்கள் வந்திறங்கின போன மாசியில்.
ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் சுருண்டு கிடக்கும் நீல நாடா.
இழுத்தால் வரும், விட்டால் ஓடிப்போகும்.
"மெதுவா விடு தையலு, விரலைப் பதம் பாத்துரும்"
என்று சூப்பர்வைசர் ஜெபமாலை சொல்வதற்குள்
எனக்கு ஒரு நகம் போயிருந்தது.

மன்னார்குடி பெரியாஸ்பத்திரி. மாத்திரை ஜன்னல்.
செவ்வாயும் வெள்ளியும் சர்க்கரை, பிரஷர்.
நாடாவுக்கு முன்னால் இங்கே
ஆளைவிடச் செருப்புதான் அதிகம் வரிசையில் நின்றது.
செருப்பு, தண்ணி பாட்டில், மஞ்சள் பை,
ஒருநாள் பாதிச் செங்கல்:
"அது வடுவூர்க்காரரு, டீ குடிக்கப் போயிருக்காரு."
செங்கல் ஆளாக மாறும் நேரத்தில் சண்டை வரும்.
சட்டைக்கு மேல் சட்டை போட்ட நான்
நடுவில் போய் நிற்பேன்.
என்னையும் தள்ளுவார்கள்.

நேராய் விட்டால் சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி
வெயிலில் கிடக்கிற வரிசை அது.
ஐந்தாய் மடித்து மின்விசிறிக்குக் கீழே வைத்தோம்.
மடித்த பிறகுதான் முகம் தெரிந்தது.
அதுவரை முன்னால் நின்றவர் பிடரி மட்டுமே பழக்கம்.
முதல் வளைவில் எதிரே வந்த பெண்
மூன்றாவதில் மறுபடி எதிரே வருவாள்,
விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.
ஜன்னலைத் தொடுவதற்குள்
ஒரு மாப்பிள்ளை வீடு விசாரித்து முடிந்திருக்கும்.

"கடைமடைக்கு எப்பம்மா வரும்?"
வாலில் நிற்கும் கோட்டூர்க்காரர் கேட்பார்.
ஆற்றில் தண்ணீர் விட்ட வாரம் எல்லோரும் சிரித்தார்கள்.
மற்ற வாரங்களில்
எனக்கென்னவோ நோட்டில் எழுத வேலை இருக்கும்.

காலை ஏழு மணிக்கு முதல் ஆள் ரெங்கையன்.
குனிந்து நுழைந்தால் ஜன்னலுக்கு நாலு எட்டு.
நுழைய மாட்டார்.
ஆளே இல்லாத ஐந்து வளைவும் நடந்து வருவார்,
திரும்பும் இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி
யாருக்கோ வழி விட்டு.
கேட்டால்,
"நீடாமங்கலம் கேட்ல நின்னு பழகுன காலு,
இது ஒரு நடையா?"

ஒன்பதாம் கம்பத்துக்கு ஸ்பிரிங் செத்துவிட்டது.
இழுத்த நாடா திரும்பிப் போகாது.
காஜ் துணியால் கட்டி வைத்திருக்கிறேன்.
புகார் எழுதிக் கொடுத்து நாலு மாதம்.

ஆடி மூன்றாம் வெள்ளி, பதினொன்றே கால்.
"வழி! வழி!"
தள்ளுவண்டியில் கூத்தாநல்லூர்ப் பெண் ஒருத்தி,
பிரசவ வார்டு எங்கள் வரிசைக்கு அந்தப் பக்கம்.
ஓடி ஓடிக் கொக்கி கழற்றினேன்.
சர்ர்... சர்ர்... ஒவ்வொன்றாய்
நாடாக்கள் வீட்டுக்குப் போயின.
போச்சு, இன்றைக்கு ஜன்னலை உடைப்பார்கள் என்று
கண்ணை மூடித் திறக்கிறேன்,
நாடா இல்லை, வளைவு இருக்கிறது.
நூற்றைம்பது பேர் மடிந்தபடியே நிற்கிறார்கள்.
வண்டி வர வர ஒவ்வொரு மடிப்பும்
ஓரடி விலகிற்று, மறுபடி சேர்ந்தது.
யார் இடமும் யாருக்கும் போகவில்லை.
ஒன்பதாவது நாடா மட்டும் தரையில் கிடந்து
சக்கரம் ஏறிய கறை இன்னும் இருக்கிறது.

வண்டிக்குப் பின்னால் தாய்க்காரி ஓடினாள்.

இரண்டு மணிக்குக் கூட்டிப் பெருக்கும்போது
மூன்றாம் வளைவில் ஒற்றைச் செருப்பு.
வார் அறுந்து ஊக்கு குத்தியது, இடது கால்.
வார்டில் கேட்டேன்.
தஞ்சாவூருக்கு அனுப்பியாச்சு என்றார்கள்.
வேறு ஒன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை.
குப்பையில் போட மனம் வரவில்லை, அங்கேயே விட்டேன்.

செவ்வாய் காலை ஏழு மணி.
ரெங்கையன் முதல் வளைவு திரும்பினார்,
இரண்டாவது திரும்பினார்,
மூன்றாவதில் செருப்பைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
அதற்குப் பின்னால் போய் நின்றார்.