பதில் தாள்

கூத்தாநல்லூரில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
ஐப்பசி அடைமழை, வெண்ணாறு கரையை முட்டுகிறது.
குடையைப் படியில் கவிழ்த்துவிட்டு ஏறிவந்தார்
ஜெய்னுலாப்தீன்.
யூரியா சாக்கில் தைத்த பை,
பைக்குள் பாலிதீன், அதற்குள் டாலர்.

பதினோரு தாள். எல்லாம் ஒற்றை டாலர்.
அத்தா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தபோது
சேர்த்தது என்றார்.
"வெள்ளி நோட்டாம். லட்சம் போகும் என்கிறான் மருமகன்."

லட்சத்தோடு ஏறிவருகிறவர்களுக்கு
முதலில் டீ சொல்லிவிடுவேன்.

முத்திரையின் நிறத்தைப் பாருங்கள் என்றேன்.
பச்சை என்றால் இன்றைக்கும் ஓடுகிற நோட்டு.
சிவப்பும் உண்டு, அது வேறு.
இது நீலம்,
சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி மாதிரி.
கொண்டுவந்தவர் கேட்ட மாத்திரத்தில்
ஒரு டாலருக்கு வெள்ளி தரப்படும்
என்று முகத்திலேயே அச்சடித்திருக்கிறது.

"தருவானா?"
"அறுபத்தெட்டு ஜூனோடு நிறுத்திவிட்டான்."
"எழுதிக் கொடுத்த பிறகுமா?"

டீ வந்தது.

ஆண்டு ஐம்பத்தேழு. கோடிக்கணக்கில் அடித்த வரிசை.
கடவுளை நம்புகிறோம் என்று பின்பக்கம் ஒரு வரி,
முப்பத்தைந்தாம் வரிசையில் பெரும்பாலும் அது கிடையாது.
லென்ஸை நகர்த்தினேன்.
ஸ்டேப்ளர் குத்திய இரட்டைத் துளை,
துளையைச் சுற்றித் துரு.
இரண்டு தாள் மட்டும் அப்பளம் மாதிரி மொடமொடத்தது.
"தேய்த்தீர்களா?"
"சம்சாரம்தான். மடிப்பு அசிங்கமா இருந்துச்சுன்னு."
மடிப்போடு தாளுக்கு முப்பது ரூபாயும்
ஆவியாகப் போனதை
நான் சொல்லவில்லை.

ஒன்பதாவது தாளில் நிறுத்தினேன்.
எண்ணுக்கு முன்னால், எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு நட்சத்திரம்.

அச்சில் ஒரு தாள் கெட்டுப்போனால்
அதே எண்ணை மறுபடி அடிப்பதில்லை.
வேறொரு தாளைச் செருகிக் கட்டை நிரப்புவார்கள்.
பதிலுக்கு வந்தது என்பதற்குத்தான்
இந்த அடையாளம்.

"அதே நம்பரைப் போடவே மாட்டானா?"
"மாட்டான்."

டீயில் ஆடை படிந்துவிட்டது.

"எனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்.
அவனும் ஜெய்னுலாப்தீன்தான்.
நாற்பது நாள்கூட இல்லை.
அத்தா கப்பலேறி வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு.
அடுத்த வருஷம் நான்.
பேரு வீணாப் போகக்கூடாதுன்னு எனக்கே வச்சுட்டாங்க."

மழையைப் பார்த்தார்.

"ரேஷன் கார்டுல ஸ்டார் எல்லாம் போடல."

சிரிப்பதா என்று தெரியாமல்
கால்குலேட்டரைத் தட்டினேன்.
எட்டுத் தாள் நூற்றிருபது வீதம்.
தேய்த்தது இரண்டும் தொண்ணூறு.
ஆக ஆயிரத்து நூற்று நாற்பது.
நட்சத்திரத்துக்கு மட்டும் தனியாக முந்நூற்றைம்பது.

"அவ்வளவுதானா?"
"இதுவும் நிறையப் பேரிடம் இருக்கிறது பாய்."

பத்தை என் பக்கம் தள்ளினார்.
ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்,
பிறகு மழையை நினைத்து வெளியே எடுத்தார்.
பிளாஸ்டிக் உறை ஒன்று கொடுத்தேன்.
பத்து ரூபாய் உறை. காசு கேட்கவில்லை.

பாதிப் படி இறங்கியவர் திரும்பி நின்று
"நானூறு தருவீங்களா?" என்றார்.
யோசித்து, "தருகிறேன்" என்றேன்.
"சும்மா கேட்டேன்" என்றார்.

கீழே தெருவில் மருமகன்
பைக்கை அணைக்காமல்
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.